மேற்கோள் மேலாண்மை மென்பொருள் மூலம் நூல்களையும் ஆவணங்களையும் பட்டியலிடல்

மேற்கோள் மேலாண்மை மென்பொருள் என்பது நூல்கள், கட்டுரைகள், ஆவணங்கள் ஆகியவற்றின் விவரங்களைச் சேமித்து வைக்கவும், எழுதும்போது அடிக்குறிப்புகளையும் துணைநூற்பட்டியலையும் தானாக உருவாக்கவும் உதவும் கணினி நிரல் ஆகும். ஜோட்டெரோ, எண்ட்நோட், மெண்டலே, ஜேப்ரெஃப் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. இவை ஆய்வாளர்களுக்காக உருவாக்கப்பட்டவை, நூலகங்களுக்காக அல்ல. ஆயினும் தனி நபர்களின் புத்தகச் சேகரங்கள், சிறிய வாசகசாலைகள், சங்கங்களின் பழைய கோப்புகள் போன்றவற்றைப் பட்டியலிடவும் இவற்றைப் பயன்படுத்தலாம். இக்கட்டுரை, கட்டணமின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருளான ஜோட்டெரோவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அம்முறையையும் அதன் வரம்புகளையும் விளக்குகிறது.

பின்னணி

துணைநூற்பட்டியலும் நூலகப் பட்டியலும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். இரண்டிலும் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு ஆகியவை இருக்கும். ஆனால் இரண்டின் நோக்கமும் வேறு. ஒரு பதிப்பில் ஆயிரம் படிகள் அச்சிடப்பட்டால், அந்த ஆயிரத்துக்கும் மேற்கோள் ஒன்றுதான். நூலகப் பட்டியலோ அலமாரியில் இருக்கும் குறிப்பிட்ட ஒரு படியைப் பற்றிப் பேசுகிறது. அது எந்த அறையில், எந்தத் தட்டில் இருக்கிறது, யாரிடமிருந்து வந்தது, எந்தப் பக்கங்கள் கிழிந்துள்ளன என்பவை மேற்கோளுக்குத் தேவையற்றவை, பட்டியலுக்கு இன்றியமையாதவை.

ஆகவே மேற்கோள் மென்பொருளில் தலைப்பையும் ஆசிரியரையும் மட்டும் இட்டு நிரப்பினால் கிடைப்பது நூல்களின் பெயர்ப்பட்டியல் மட்டுமே. ஒவ்வொரு பதிவிலும் அப்பொருள் இருக்கும் இடமும் அது வந்த வழியும் சேர்ந்த பிறகுதான் அது நூலகப் பட்டியல் ஆகிறது.

இந்த வேறுபாடு சிறு சேகரங்களில் பெரிதாக உணரப்படும். ஒருவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்கள் எங்கெங்கே உள்ளன என்பது பெரும்பாலும் அவர் நினைவில் மட்டுமே இருக்கும். அவருக்குப் பின் வீடு மாறும்போதோ பாகம் பிரிக்கும்போதோ நூல்கள் பிரிந்து போகின்றன. சில எடைக்கு விற்கப்படுகின்றன. என்ன இருந்தது என்று காட்ட ஒரு பட்டியலும் இல்லாதபோது, என்ன இழந்தோம் என்றுகூடச் சொல்ல இயலாது. நூலகருக்குச் சம்பளம் தர வழியில்லாத இடங்களில் இருவர் அல்லது மூவர் சேர்ந்து செய்யக்கூடிய எளிய பட்டியலாக்க முறைக்குத் தேவை இருப்பது இதனால்தான்.

வரலாறு

நூலகப் பட்டியலாக்கத்துக்கு விரிவான விதிகள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீ. இரா. அரங்கநாதன் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931-இலும், கோலன் பகுப்பு முறையை 1933-இலும், பகுப்புமுறைப் பட்டியலுக்கான விதித்தொகுப்பை 1934-இலும் வெளியிட்டார். ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதைப் பற்றியது. பட்டியலின் பயனை அளக்க அது இன்றும் ஏற்ற அளவுகோல். அட்டைகளில் இருந்த பட்டியலைக் கணினிக்குக் கொண்டு செல்ல உதவும் மார்க் வடிவம், 1960-களில் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் என்றியட்டா அவ்ரம் தலைமையில் உருவானது.

மேற்கோள் கருவிகள் தனி வழியில் வளர்ந்தன. லேட்டெக் ஆவணங்களுக்கான பிப்டெக் 1985-இல் வந்தது. எண்ட்நோட் 1980-களின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. ஜோட்டெரோ 2006-ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாறு மற்றும் புதிய ஊடக மையத்தால் வெளியிடப்பட்டது. கைவசப்படுத்துதல் என்று பொருள்படும் அல்பேனியச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. தொடக்கத்தில் பயர்பாக்சு உலாவியின் நீட்சியாக இருந்த இது, பின்னர் தனி மென்பொருளானது. வரலாற்றாய்வாளர்களிடையே பிறந்ததால், கடிதம், கையெழுத்துப்படி, நிலப்படம், நேர்காணல், ஒலிப்பதிவு போன்ற உருப்படி வகைகளும், காப்பக இருப்பிடத்துக்கான புலங்களும் இதில் இடம்பெற்றுள்ளன. சிறு சேகரங்களுக்கு இது பொருந்துவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பதிவின் அமைப்பு

ஜோட்டெரோவில் ஒவ்வொரு பொருளும் ஓர் உருப்படி. உருப்படியின் கீழ் குறிப்புகளையும், படம் அல்லது பி.டி.எப். கோப்புகளையும் இணைக்கலாம். பட்டியலாக்கத்துக்கு உதவும் புலங்கள் பின்வருமாறு:

• கால் நம்பர்: நூலின் அழைப்பெண் அல்லது சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள எண்.
• ஆர்க்கைவ்: பொருளை வைத்திருக்கும் நிறுவனம் அல்லது தொகுப்பின் பெயர்.
• லொக்கேஷன் இன் ஆர்க்கைவ்: பெட்டி, கோப்பு, தாள் ஆகியவற்றின் எண்கள்.
• ரைட்ஸ்: பதிப்புரிமை, பார்வையிடுவதற்கான கட்டுப்பாடுகள்.
• எக்ஸ்ட்ரா: வேறு புலம் இல்லாத விவரங்கள், நன்கொடையாளர், நூலின் நிலை, சுவடியின் ஏடுகளின் எண்ணிக்கை போன்றவை.

உருப்படிகளைப் பிரிவுகளாகவும் துணைப் பிரிவுகளாகவும் அடுக்கலாம். ஒரே உருப்படியைப் பல பிரிவுகளில் காட்டலாம். அதனால் பதிவு இரண்டாகப் பெருகுவதில்லை. ஒரு பிரிவை நீக்கினாலும் அதிலிருந்த உருப்படிகள் நூலகத்தில் அப்படியே இருக்கும். பொருள் அடிப்படையில் தேடக் குறிச்சொற்கள் பயன்படுகின்றன. தொடர்புடைய இரண்டு உருப்படிகளை, எடுத்துக்காட்டாக ஒரு கடிதத்தையும் அதன் பதிலையும், ஒன்றோடொன்று இணைத்து வைக்கவும் வசதி உண்டு.

வேலையைத் தொடங்குமுன், எந்தப் புலத்தில் எதை எழுதுவது என்று ஒரு பக்க விதித்தாள் எழுதிக்கொள்வது அவசியம். ஒருவர் அலமாரி எண்ணைக் கால் நம்பர் புலத்திலும் மற்றொருவர் எக்ஸ்ட்ரா புலத்திலும் எழுதினால், தேடுபவருக்கு இரண்டும் பயன்படாமல் போகும்.

நூல்களைப் பட்டியலிடல்

நூலின் பன்னாட்டுத் தரப்புத்தக எண்ணைத் தட்டச்சு செய்தால், ஜோட்டெரோ பெரிய நூலகப் பட்டியல்களில் தேடி விவரங்களை நிரப்பும். நூலகத் தளங்களை உலாவியில் திறந்து, அங்கிருந்தும் பதிவை எடுத்துக்கொள்ளலாம். மார்க், மாட்ஸ், ஆர்.ஐ.எஸ். வடிவங்களில் உள்ள பதிவுகளை மொத்தமாகவும் ஏற்றலாம்.

தரப்புத்தக எண் 1970-இல் பன்னாட்டுத் தரமாயிற்று. 2007 சனவரி முதல் அது 13 இலக்கமாக உள்ளது. அதற்கு முந்தைய நூல்களுக்கும், எண் பெறாமல் வெளியான சிறு வெளியீடுகளுக்கும் விவரங்களைக் கையால்தான் உள்ளிட வேண்டும். அப்போது அட்டையைப் பார்க்காமல் உள் தலைப்புப் பக்கத்தைப் பார்த்து எழுதுவதே முறை. அட்டை பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கக்கூடும்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. ஜோட்டெரோ ஒரே நூலுக்கு இரண்டு பதிவுகள் இருப்பதைக் கண்டால் அவற்றை இரட்டைப் பதிவுகளாகக் காட்டி, ஒன்றாக இணைக்க வழி தரும். ஆய்வாளருக்கு இது நன்மை. சேகரத்தில் உண்மையிலேயே இரண்டு படிகள் இருந்தால், இணைக்கும்போது ஒரு படியின் சேர்க்கை எண் மறைந்துவிடும். ஒன்று ஆசிரியர் கையொப்பமிட்ட படியாகவும் இருக்கலாம். ஆகவே இரட்டைப் பதிவுகளை இணைக்கும் முன் சேர்க்கை எண்களை ஒப்பிட வேண்டும். ஒரே பதிவை வைத்து அதில் இரண்டு எண்களையும் எழுதுவதா, படிக்கு ஒரு பதிவு வைப்பதா என்பதை விதித்தாளிலேயே முடிவு செய்வது நல்லது.

ஆவணங்களைப் பட்டியலிடல்

கடிதங்கள், நாட்குறிப்புகள், கணக்கேடுகள், கூட்டக் குறிப்புகள் ஆகியவை நூல்களைப் போன்றவை அல்ல. ஒரு கடிதம் எந்தக் கோப்பில், எந்தக் கடிதங்களுக்கு நடுவே இருந்தது என்பதும் அதன் பொருளின் ஒரு பகுதி. ஆவணக்காப்பக இயலில் இரண்டு அடிப்படை நெறிகள் உள்ளன. ஒருவரிடமிருந்து வந்த ஆவணங்களை மற்றவருடைய ஆவணங்களோடு கலக்கக் கூடாது என்பது முதலாவது. அவர் வைத்திருந்த வரிசையைக் கலைக்கக் கூடாது என்பது இரண்டாவது.

பன்னாட்டு ஆவணக்காப்பகப் பேரவை வெளியிட்ட ஐசாட் எனும் விவரிப்புத் தரம் இந்நெறிகளைப் பின்பற்றுகிறது. முதல் பதிப்பு 1994-இலும் இரண்டாம் பதிப்பு 2000-இலும் வெளிவந்தன. அதன்படி விவரிப்பு மேலிருந்து கீழாகச் செல்ல வேண்டும்: முதலில் முழுத் தொகுப்பு, பிறகு அதிலுள்ள வரிசைகள், பிறகு கோப்புகள், தேவையானால் தனித்தாள்கள். மேல்நிலையில் சொன்ன விவரத்தைக் கீழ்நிலையில் மீண்டும் சொல்லத் தேவையில்லை.

ஜோட்டெரோவின் அமைப்பு இதற்கு முழுமையாக இடம் தருவதில்லை. பிரிவுகளையும் துணைப் பிரிவுகளையும் அமைக்கலாம். ஆனால் ஒரு பிரிவுக்குப் பெயர் மட்டுமே உண்டு. அத்தொகுப்பு யாருடையது, எவ்வளவு காலத்தது, எப்படி வந்தது என்று பிரிவின்மீது எழுத இடமில்லை. பிரிவுக்குள் உருப்படிகளை விரும்பிய வரிசையில் கையால் நகர்த்தி வைக்கவும் முடியாது. தலைப்பு, தேதி போன்ற ஏதேனும் ஒரு புலத்தின்படிதான் அவை வரிசைப்படும்.

இக்குறைகளை ஓரளவு ஈடுசெய்ய மூன்று வழிகள் உள்ளன.

முதலாவதாக, ஒவ்வொரு தொகுப்புக்கும் வரிசைக்கும் தனியாக ஓர் உருப்படி உருவாக்கி, தொகுப்பின் வரலாற்றை அதில் எழுதலாம். அதன் தலைப்பு 00 என்று தொடங்கினால், தலைப்பு வரிசையில் அது முதலில் நிற்கும்.

இரண்டாவதாக, மூல வரிசையை எண்ணாகப் பதிவு செய்யலாம். எடுத்துக்காட்டாக, ஒரு தமிழாசிரியர் விட்டுச்சென்ற மூன்று பெட்டிகளில், இரண்டாம் பெட்டியின் ஐந்தாம் கோப்பில் பதினோராம் தாளாக ஒரு கடிதம் இருக்கிறது என்று கொள்வோம். அதன் இருப்பிடத்தை 02-05-011 என்று எழுதலாம். முன்னால் பூச்சியம் இடுவதற்குக் காரணம் உண்டு. எண்ணை எழுத்தாகக் கருதி வரிசைப்படுத்தும் நிரல்களில், பூச்சியம் இல்லாவிட்டால் 10 என்பது 2-க்கு முன்னால் வந்துவிடும். பட்டியல் வேறு நிரலுக்கு மாறினாலும் பூச்சியமிட்ட எண் வரிசை குலையாது. இந்த எண்ணைப் பெட்டியின்மீதும் கோப்பின்மீதும் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும். ஆவணத்தின்மீது மை, ஒட்டும் காகிதம், குண்டூசி ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

மூன்றாவதாக, எல்லாத் தாள்களையும் தனித்தனியாகப் பதிவு செய்யும் ஆசையைக் கட்டுப்படுத்த வேண்டும். மேற்கோள் மென்பொருள் தனி உருப்படியையே அடிப்படையாகக் கொண்டதால், பணியாற்றுபவரை அது தாள் தாளாக இழுத்துச் செல்லும். முதல் பெட்டி மிக நுணுக்கமாகவும் மற்றப் பெட்டிகள் திறக்கப்படாமலும் நின்றுபோவது இப்படித்தான். முதலில் எல்லாக் கோப்புகளுக்கும் கோப்புக்கு ஒரு பதிவு என்று முடித்துவிட்டு, பிறகு முக்கியமான கடிதங்களுக்குத் தனிப் பதிவு போடுவது பாதுகாப்பான முறை.

பொருட்களை இடம் மாற்றுவதற்கு முன்பே, அவை இருந்த நிலையை ஒளிப்படம் எடுத்து வைப்பதும் உதவும். ஆவண ஒளிப்படங்களை ஒழுங்குபடுத்துவதற்கென்றே ட்ரோப்பி என்ற மென்பொருளை, ஜோட்டெரோவை உருவாக்கிய அதே மையம் 2017-இல் வெளியிட்டது.

தமிழ்ச் சேகரங்களில் கவனிக்க வேண்டியவை

பெயர்கள்: மேற்கோள் மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்களை எதிர்பார்க்கின்றன. தமிழ்ப் பெயர்களில் குடும்பப்பெயர் பொதுவாக இல்லை. முன்னெழுத்தை முதற்கட்டத்திலும் இயற்பெயரை இரண்டாவது கட்டத்திலும் இட்டால், பட்டியல் இயற்பெயரின்படி வரிசைப்படும். புதுமைப்பித்தன் போன்ற புனைபெயர்களுக்கு, இரண்டு கட்டங்களையும் ஒன்றாக்கும் வசதியைப் பயன்படுத்தலாம்.

ஒரே பெயரின் பல வடிவங்கள்: சாமிநாதையர், சாமிநாத ஐயர், சாமிநாதய்யர், உ. வே. சா. என ஒருவரே நான்கு வடிவங்களில் அச்சில் காணப்படுவார். நூலக மென்பொருளில் இவற்றை ஒருவராக இணைக்கும் பெயர்க் கட்டுப்பாட்டுக் கோப்பு இருக்கும். மேற்கோள் மென்பொருளில் அது இல்லை. ஆகவே ஏற்றுக்கொண்ட வடிவங்களின் பட்டியல் ஒன்றை விதித்தாளோடு சேர்த்து வைத்து, நூலில் அச்சான வடிவத்தை எக்ஸ்ட்ரா புலத்தில் எழுத வேண்டும்.

ஒலிபெயர்ப்பு: பெரிய பன்னாட்டுப் பட்டியல்களிலிருந்து எடுக்கும் தமிழ் நூற்பதிவுகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் இருக்கும். அமெரிக்க நூலகங்களின் ஒலிபெயர்ப்பு முறையில் ச என்பதற்கு ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தான சி இடப்படுகிறது. சாமிநாதையர் எஸ் வரிசையில் இல்லாமல் சி வரிசையில் நிற்பது இதனால்தான். தமிழ் எழுத்தில் தலைப்பை எழுதி, ரோமன் வடிவத்தை எக்ஸ்ட்ரா புலத்தில் தக்கவைத்தால் இரண்டு வழியாகவும் தேட முடியும்.

ஆண்டுகள்: பழைய தமிழ் நூல்களில் அறுபதாண்டுச் சுழற்சியின் பெயர் மட்டுமே இருக்கலாம். பிரபவ ஆண்டு என்றால் 1867-68, 1927-28, 1987-88 ஆகிய எதுவாகவும் இருக்கலாம். அச்சகம், தாள், விலை, முன்னுரை போன்றவற்றைக் கொண்டு எது என்று முடிவு செய்ய வேண்டும். திருவள்ளுவர் ஆண்டிலிருந்து 31-ஐக் கழித்தால் பொது ஆண்டு கிடைக்கும். தேதிப் புலத்தில் பொது ஆண்டையும், எக்ஸ்ட்ரா புலத்தில் நூலில் உள்ளபடியும் எழுத வேண்டும். ஊகித்த ஆண்டை ஊகம் என்றே குறிப்பிடுவது நேர்மை.

எழுத்துருவும் தட்டச்சும்: பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பட்டியல்கள் கையில் இருந்தால், முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். ஒருங்குறியிலும் ஒரு பிழை பரவலாக உண்டு. கௌ என்னும் எழுத்தைக் கெ, ள என இரண்டு எழுத்துகளாகத் தட்டச்சு செய்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் கௌரி என்று தேடினால் அந்தப் பதிவு கிடைக்காது.

குறிச்சொற்கள்: இணையப் பட்டியலிலிருந்து பதிவை எடுக்கும்போது ஆங்கிலப் பொருள் தலைப்புகளும் குறிச்சொற்களாக வந்து சேரும். அமைப்புகளில் இதை நிறுத்திவிட்டு, ஒப்புக்கொண்ட தமிழ்க் குறிச்சொற்களை மட்டும் பயன்படுத்தலாம்.

பகிர்வும் உரிமையும்

ஜோட்டெரோவில் குழு நூலகம் அமைத்தால் பலர் ஒரே பட்டியலில் பணியாற்றலாம். உள்ளூரில் இருப்பவர் பெட்டியைத் திறந்து விவரம் எழுத, வெளியூரில் இருப்பவர் பிழை திருத்தலாம். குழுவைத் தனிப்பட்டதாகவோ எல்லோரும் காணக்கூடியதாகவோ வைக்கலாம். பதிவுகளைச் சேமிக்க வரம்பில்லை. இணைப்புக் கோப்புகளுக்கான இலவச இடம் 300 மெகாபைட்டு.

யாரும் சேரக்கூடிய திறந்த பொதுக் குழுக்களில் கோப்புகளைச் சேமிக்க முடியாது. பதிப்புரிமை மீறலைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. நூலின் விவரத்தை வெளியிடுவதும் நூலையே வெளியிடுவதும் வெவ்வேறு செயல்கள். தனிக் கடிதங்களில் உயிரோடு இருப்பவர்களின் முகவரி, நோய், கடன், குடும்பப் பூசல் ஆகியவை இருக்கக்கூடும். அத்தகைய கோப்புகளின் பதிவைப் பொதுவில் வைக்குமுன் குடும்பத்தாரிடம் கேட்டு, ரைட்ஸ் புலத்தில் நிபந்தனையை எழுத வேண்டும்.

காப்பும் ஏற்றுமதியும்

இணையத்தோடு ஒத்திசைத்தல் காப்புப்படி ஆகாது. ஒரு கணினியில் தவறுதலாக நீக்கியது மற்றக் கணினிகளிலும் நீங்கிவிடும். ஜோட்டெரோவை மூடிவிட்டு, அதன் தரவுக் கோப்புறை முழுவதையும் வேறொரு வட்டில் படியெடுப்பதே முறையான காப்பு. அந்த வட்டு வேறொரு வீட்டில் இருப்பது மேல். ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலைத் தாளில் அச்சிட்டு, நூல்கள் இருக்கும் இடத்திலேயே வைப்பதும் பயனுள்ளது. கணினி தெரியாத வாசகருக்கும் அப்போது பட்டியல் கிட்டும்.

தரவு ஒரே நிறுவனத்தின் வடிவத்தில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதும் முக்கியம். எண்ட்நோட்டின் பாணிக் கோப்புகளை ஜோட்டெரோ படிக்க முடிந்ததை எதிர்த்து, அதன் அன்றைய உரிமையாளரான தாம்சன் ராய்ட்டர்சு 2008-இல் வழக்குத் தொடுத்தது. வழக்கு 2009-இல் தள்ளுபடியானது. கோப்பு வடிவங்கள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அது வெளிப்படையாக எழுப்பியது.

ஜோட்டெரோவிலிருந்து சி.எஸ்.வி., ஆர்.ஐ.எஸ்., பிப்டெக், மாட்ஸ் முதலிய வடிவங்களில் ஏற்றுமதி செய்யலாம். சி.எஸ்.வி. கோப்பை எந்த விரிதாள் நிரலிலும் திறக்கலாம். ஆனால் பிரிவுகளின் அடுக்கு அதில் வராது. அடுக்கையும் காக்க ஜோட்டெரோவின் ஆர்.டி.எப். வடிவம் வேண்டும். இருப்பிட எண்ணைப் பிரிவின் பெயரை நம்பி விடாமல் ஒவ்வொரு பதிவிலும் எழுத வேண்டும் என்பதற்கு இது மற்றொரு காரணம்.

வரம்புகள்

மேற்கோள் மென்பொருளில் நூல் இரவல் தரும் வசதி, உறுப்பினர் கணக்கு, பருவ இதழ்களின் வருகைப் பதிவு ஆகியவை இல்லை. பெயர்க் கட்டுப்பாடும் பலநிலை விவரிப்பும் இல்லை. நூல்கள் வெளியே போய்வரத் தொடங்கிய வாசகசாலை, கோஹா போன்ற நூலக மேலாண்மை மென்பொருளுக்கு மாற வேண்டும். நியூசிலாந்தில் உருவாகி 2000-ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்த கோஹாவும் கட்டற்ற மென்பொருளே. ஆவணத் தொகுப்புகள் மிகுந்த இடங்களுக்கு, ஐசாட் தரத்தைப் பின்பற்றும் ஏட்டம் என்ற மென்பொருள் ஏற்றது. படங்களோடு கண்காட்சியாகக் காட்ட, 2008-இல் வந்த ஒமேக்கா உதவும்.

இவற்றை நிறுவ வழங்கியும், பராமரிக்கத் தொழில்நுட்பம் அறிந்தவரும் தேவை. அந்த வசதி வரும்வரை காத்திருந்தால், சேகரமே கலைந்துவிடலாம். அத்தகைய இடைக்காலத்துக்கு மேற்கோள் மென்பொருள் பொருத்தமான கருவி. புலங்கள் சீராக நிரப்பப்பட்டிருந்தால் பின்னர் பெரிய மென்பொருளுக்கு மாற்றும்போது பெரும்பகுதியைக் கணினியே செய்துவிடும். இல்லாவிட்டால், ஒவ்வொரு பெட்டியையும் மீண்டும் திறந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.